விஜயா வீட்டுக் கீரைக் கூட்டும் என் புது வால்வும்

கொல்லையில் பொன்னாங்கண்ணி கிள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. கீரை நழுவிக் கீழே விழுந்தது. கணவரைக் கூப்பிட வாயெடுத்தால் நாக்கு குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரை காரில் என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

நான்கு மாதங்களுக்கு முன்புதான் என் இதயத்தில் செயற்கை வால்வு (ரத்தத்தை ஒரே திசையில் போகவிடும் கதவு) பொருத்தியிருந்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை. "கீரையில மட்டும் கவனமா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கவனம் என்றால் என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கீரையை அடுப்படிப் பக்கமே விடவில்லை.

கொல்லையிலோ அரைக்கீரையும் முளைக்கீரையும் தளதளவென்று நின்றன. மனசு கேட்குமா? பறித்துச் சட்டியில் வைத்துப் பக்கத்து வீட்டு விஜயாவிடம் கொடுத்துவிடுவேன்.

ரத்தப் பரிசோதனை (உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ரத்தம் சீக்கிரம் உறையுது. சின்ன ரத்தக்கட்டி ஒண்ணு மூளைக்குப் போய்க் கரைஞ்சிருக்கு. அடுத்தது கரையலைன்னா பக்கவாதம். மாத்திரையை விட்டீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்லைங்க. நான்தான் எடுத்துக் குடுக்கிறேன்" என்றார் கணவர்.

"கீரை?"

"எங்க வீட்டு அடுப்புல கீரை ஏறி நாலு மாசமாச்சு டாக்டரம்மா" என்றேன் பெருமையாக. பிறகு குரல் இறங்கிவிட்டது. "விஜயா வீட்டு அடுப்புல ஏறுதுங்க. சட்டியை வெறுஞ்சட்டியா திருப்பித் தர மாட்டா. கூட்டு வச்சு அனுப்புவா. இவரு வயலுக்குப் போனதும் சாப்பிட்டுடுவேன். சில வாரம் மூணு நாள் வரும், சில வாரம் வரவே வராது."

"அடிப்பாவி!" என்றார் கணவர், இருக்கும் இடம் மறந்து.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கீரையில இருக்கிற கே வைட்டமின் ரத்தத்தை உறைய வைக்கும். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒண்ணுமில்லைன்னா மாத்திரை என்ன பண்ணும்? அடியோட நிறுத்தச் சொன்னது யாரு? தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க. அதுக்கேத்தபடி மாத்திரையை நான் சரிபண்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் பாதி, கீரை கிடைத்த சந்தோஷம் பாதி. ரத்தம் உறையாமலிருக்க நாலு நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் கீரை அளவைத் தங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கேட்கும்போது பக்கத்து வீட்டுச் சட்டியையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது தினமும் மதியம் ஒரு கைப்பிடி கீரை ஆய்ந்து, சின்ன வெங்காயமும் சீரகமும் போட்டு மசிக்கிறேன். விஜயாவிடமிருந்து வாழைப்பூ வடை வருகிறது. சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சுக்குள் வால்வு டிக் டிக்கென்று அடிப்பது கேட்கும். முதலில் பயந்தேன். இப்போது அது கேட்டால்தான் தூக்கமே வருகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அடுத்த பரிசோதனை நாளைத் தாண்டி நான் எதையும் யோசித்ததில்லை. விதைத்தாலும் சீக்கிரம் பிடுங்குகிற கீரையாகத்தான் விதைத்தேன். போன வாரம் ஒரு முருங்கைப் போத்து (நட்டால் வேர்விடும் கிளைத்துண்டு) நட்டேன்.

"தழைஞ்சு கீரை ஒடிக்க ஒரு வருஷம் ஆவுமே, சாந்தி" என்றார் அவர்.

"ஆவட்டுங்க. நான் எங்க போயிடப்போறேன்?"

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு போத்து வெட்டிவந்தார்.