கழுவாமல் விட்ட பொடி

இரண்டு வருடம் ஒரு மஞ்சள் பொடியை நம்பிப் பிழைத்தேன். புற்றுச் செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டும் கைனேஸ் என்ற புரதம் உண்டு. அதன் குழியில் போய் உட்கார்ந்து வாயடைக்கும் மூலக்கூறைச் செய்வதுதான் காட்டாங்குளத்தூர் ஆய்வகத்தில் என் வேலை. செய்ததில் அந்தப் பொடி ஒன்றுதான் கைனேஸை அடக்கியது. அதை வைத்தே திட்டம் ஓடியது. அதே சாயலில் செய்த மற்றவை ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

எலிச் சோதனைக்கு அதிகம் தேவைப்பட்டதால் போன மாதம் திரும்பச் செய்தேன். வெள்ளையாக வந்தது. எவ்வளவு சுத்தம் என்று பூரித்துப்போனேன். சோதித்தால் கைனேஸ் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. சந்தேகப்பட்டுப் பழைய பொடியின் மிச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வினைக்காகச் சேர்த்த பல்லேடியம் அதில் நிறையவே தங்கியிருந்தது. கைனேஸை அடக்கியது என் மூலக்கூறு இல்லை, நான் கழுவாமல் விட்ட உலோகம். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

மூன்றாம் நாள் திட்டத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். இத்தோடு திட்டம் முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். அவர் திட்டவில்லை. என் பழைய லேப் நோட்டை வாங்கிப் புரட்டினார். உலோகத்தை நீக்கும் கடைசிக் கழுவலுக்கு நேரே 'பிறகு' என்று எழுதியிருந்தேன். தேதி, போகிக்கு முந்தின நாள்.

"நீங்க இப்படி விடற ஆள் இல்லையே மேடம். அன்னைக்கு என்ன அவ்ளோ அவசரம்? ஊருக்கு பஸ்ஸா?"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று எனக்குப் பதற்றமே கிடையாது. மதியத்திலிருந்து ஒவ்வொருவராகப் பெட்டியோடு கிளம்பினார்கள். "மேடம், கிளம்பலையா? பெருங்களத்தூர்ல கூட்டம் சேந்துடும்" என்று போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அம்மா போன பிறகு எனக்குப் போக ஊர் இல்லை. அதைச் சொல்ல வெட்கம். "இதோ, நானும்தான்" என்று கோட்டைக் கழற்றிவிட்டு அவர்களோடு போனேன். பெருங்களத்தூரில் அவர்கள் திருச்சி பஸ்ஸுக்கு ஓடினார்கள். நான் கையசைத்துவிட்டு, நாலு தெரு தள்ளி இருந்த என் ஃப்ளாட்டுக்கு நடந்தேன்.

தலைவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமா சார், ஊருக்குத்தான்" என்றேன்.