மைதா பசையில் எழுந்த மலை

தென்காசியில் என் வீட்டு எதிர்ச்சுவரில் இன்று காலை ஒருவர் சுவரொட்டி ஒட்டினார். காய்ச்சிய மைதா பசையின் வாசம் வந்ததும், பள்ளிப் பொருட்காட்சிக்காக நானும் அக்காவும் மலை கட்டிய ஆனி மாதம் ஞாபகம் வந்தது.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. செங்கோட்டை மலை ரயில் செய்யப்போகிறோம் என்றதும் டீச்சர் சிரித்தார். "பொம்பளப் பிள்ளையளுக்குப் பூச்சாடி போதாதாட்டி?" அக்கா அன்றைக்கே பழைய செய்தித்தாள் சேர்க்கத் தொடங்கினாள்.

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் மட்டும்தான் கடையில் வாங்கியது. பழைய செய்தித்தாளைப் பசையில் நனைத்து மலையும் குகையும் செய்தோம். காய்ந்த டீத்தூள் மண்ணானது. குளிக்கும்போது உடம்பு தேய்த்துத் தேய்ந்த பீர்க்கங்கூட்டைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரங்களாக நட்டோம். ஆனால் நான்கு நாளாகக் குற்றாலச் சாரல் விடவில்லை. மலை காயவே இல்லை. அம்மா சோறு வடித்த பிறகு, சூடு தணியாத அடுப்பருகே வைத்துக் காயவைத்தோம்.

காய்ந்த மலை சுருங்கிவிட்டது. பொருட்காட்சியில் எல்லோர் முன்னிலும் ரயில் குகை வாசலில் முட்டி நின்றது. நான் அழுதுவிட்டேன்.

"அழாதட்டி. மலையக் கொடையாம ரயிலு எப்படிப் போவும்? பிளேட எடு," என்றாள் அக்கா.

நிதானமாகக் குகையை அறுத்து அகலமாக்கினாள். மலை ஆடியபோது டீச்சரே வந்து பிடித்துக்கொண்டார். ரயில் உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

பரிசு கிடைக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா அடுத்த வருஷம் கட்டப்போகும் ரயில் பாலத்தைப் பற்றியே பேசினாள். அதை நாங்கள் கட்டவே இல்லை.

இன்று போன் செய்து நினைவுபடுத்தினேன். "ஞாயித்துக்கிழம வாரேன். கட்டிருவோம்ட்டி," என்றாள்.