தீப்பெட்டியோடு கட்டிய குளிசை

"காலைல எழும்பினதும் மொதல்ல ஒங்கட கை எதுக்குப் போகும்?"

யார் வீட்டுக்குப் போனாலும் ஆதிபாவின் முதல் கேள்வி இது. கேட்டுவிட்டுப் பென்சிலை முக்காட்டுக்குள் காதோரம் செருகிக்கொள்வாள். பதில் வரும்வரை வாய் திறக்கமாட்டாள். மக்கள் பிரஷர் குளிசையை ஏன் மறக்கிறார்கள் என்று ஆராயும் பல்கலைக்கழகக் குழுவுக்காக மாத்தளையில் வீடு வீடாக நடப்பவள். நான் கிளினிக்கில் பதினெட்டு வருடமாக மருந்து கொடுப்பவள். எனக்குத் தெரியாததையா இந்தச் சின்னப்பெண் கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அறிவுரை சொல்வதில்லை, பயமுறுத்துவதும் இல்லை. கை போகும் இடத்தில் குளிசையை வைத்துவிட்டு வருகிறாள். யட்டவத்த ஊர்க் கடைக்காரர் ஒருவருக்குத் தொழுகைத் தொப்பிக்குள். கிளினிக்குக்கு வரும் தங்கம்மாவுக்குத் தேயிலைத் தகரப் பேணிக்குள். "மறதிக்கு ஏசி என்னா செய்ய, மிஸ்? கைக்குப் பழக்கினா சரிதானே," என்பாள். இருவரும் இப்போது மருந்து ஜன்னலுக்கு வந்தால் என்னிடமே ஆதிபாவை விசாரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் மோகனராஜும் அவளுடைய பட்டியலில் இருந்தார். பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டாமல் த்ரீவீலரை நகர்த்தாத மனிதர். குளிசை அட்டையை அவருடைய தீப்பெட்டியோடு ரப்பர் பட்டி போட்டுக் கட்டினாள், அவ்வளவுதான். ஒன்பது வருடம் தண்ணீரும் குளிசையுமாக நான் பின்னால் ஓடியும் இறங்காத பிரஷர் இரண்டே மாதத்தில் இறங்கியது. "அந்தப் புள்ளைக்கு நல்ல மூளைடி," என்று வேறு சொன்னார்.

போன வாரம் அட்டையைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என்னிடம் வந்து கேட்கட்டும் என்றுதான். மூன்று நாள் காலையும் பத்தி காட்டினார், வண்டியை எடுத்தார், போனார். கேட்கவே இல்லை. நாலாம் நாள் எனக்கே பயம் பிடித்து, பழையபடி கட்டி வைத்தேன்.

நேற்று ஆதிபா குளிசைகளை எண்ண வந்தாள். மூன்று கூடுதலாக இருந்தன.

"மூனு நாளா அட்டையக் காணோம்மா. அப்புறம் அதுவா வந்துருச்சு," என்றார் கணவர்.

ஆதிபா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்தேன். அவள் தீப்பெட்டியையும் அட்டையையும் சேர்த்து எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அப்ப காலைல பத்தி கொளுத்த நெருப்புக்கு நான் எங்க போறது?" என்றார் அவர்.

காதோரத்துப் பென்சிலை உருவி, அவள் அதால் என்னைச் சுட்டிக் காட்டினாள்.