கௌரி அக்கா வெட்டின கப்பல்

பாலசுந்தரத்துக்குத் தன் அக்காமேல் ஒரு கோபம் இருந்தது. நேற்று முந்தாநாள் வந்த கோபமில்லை. முப்பது வருடம் ஊறின ஊறுகாய். பதினெட்டு வயதில், ஒரு மழைக்காலம் முழுக்கக் குந்தியிருந்து அவன் கடுதாசியால் கட்டிய போர்க்கப்பலை, அக்கா கௌரி கத்தரிக்கோலால் வெட்டி, புத்தர் பண்டிகைக்கு வாசலில் விளக்கேற்றித் தொங்கவிடுகிற வெசாக் கூடு ஆக்கிப்போட்டாள்.

கப்பல் என்றால் சும்மா மடிச்சுத் தண்ணீரில் விடுகிற கப்பல் இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் கழிக்கிற பழைய புத்தகங்கள் ஜிந்துப்பிட்டியில் ஒரு பழைய பேப்பர் கடைக்கு வந்து சேரும். அங்கே அகப்பட்டது அந்தப் புத்தகம். என்ன பாஷை என்று கடைக்காரனுக்கும் தெரியாது. தாளுக்குத் தாள் கப்பலின் துண்டுகள் சாம்பல் நிறத்தில் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட பாலசுந்தரத்துக்கு இலக்கம் போதும். பிளேடால் வெட்டி, மை முடிந்த பேனையால் கோடு கீறி மடித்து, கோதம்பை மாப் பசை காய்ச்சி ஒட்டினான். பீரங்கிக் குழாய்கள்தான் உயிரை வாங்கின. விளக்குமாற்று ஈர்க்கில் கடுதாசியைச் சுருட்டி, பசை காயும்வரை விரல் நுனியில் பிடித்திருக்கவேண்டும். ஒன்பது பீரங்கி. கட்டி முடித்து மேசையில் வைத்தபோது, துறைமுகத்தில் நிற்கிற உண்மைக் கப்பல்கூட அவன் கண்ணுக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் தெரிந்தது.

அந்த வருடம் வெசாக்குக்கு முந்தின கிழமை, கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கையை விடியவே ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லோரையும் அடையாள அட்டையோடு றோட்டில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். பாலசுந்தரமும் போய் நின்றான். மேலே மாடி வீட்டில் கௌரி தனியே. துறைமுகத்துக்குப் பக்கத்தில், தமிழ்ப் பெடியன் ஒருவன் வீட்டு மேசையில் பீரங்கிகளோடு ஒரு போர்க்கப்பல். அது விளையாட்டுச் சாமான் என்று யாருக்கு, எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது?

கூடு விற்கிற ஒருவனுக்கு வெசாக் காலத்தில் மெல்லிய ரிசு பேப்பரில் கூட்டுக்கு வால் வெட்டிக் கொடுத்து நாலு காசு பார்க்கிறவள் கௌரி. சிவப்பும் மஞ்சளுமாக வால்கள் பாயில் கிடந்தன. கப்பலின் மேற்கட்டெல்லாம் போனது. அடிக்கட்டு முழுக்க ரிசு பேப்பர் ஏறியது. அடியில் வால், உச்சியில் பல்பு விட ஓட்டை. சப்பாத்துச் சத்தம் படியேறி வந்தபோது கப்பலைக் காணவில்லை. "வெசாக் கூடு" என்றாளாம். வந்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்து, வால் போதாது, இன்னும் நீளம் விடு என்று புத்தி சொல்லிவிட்டுப் போனானாம்.

அன்றைக்கு அந்த ஒழுங்கையிலிருந்து மூன்று பெடியளை லொறியில் ஏற்றினார்கள். பாலசுந்தரத்தை ஏற்றவில்லை. மேசையில் கப்பல் இல்லாததால்தான் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன, கூடு என்று சொன்னபிறகு தொங்கவிடாமல் இருக்க முடியுமா? அவன் போர்க்கப்பல் சிவப்பு வால் கட்டி, வயிற்றுக்குள் பல்பு எரிய, மாடியில் ஆடியது.

"டேய் பாலா, உன்ர கப்பல் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகுதோ?" என்று கீழே நின்று கேட்டார்கள்.

பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள் பெய்த மழையில் அதுவும் கரைந்தது. அதன்பிறகு அவன் கடுதாசியையும் கத்தரிக்கோலையும் சேர்த்துத் தொடவில்லை. யாராவது கேட்டால், "அவ வெட்டினது கப்பலையில்லை, என்ர கையை" என்பான். அக்காவுக்கும் அது காதில் விழுந்திருக்கும். அவள் ஒன்றும் சொன்னதில்லை.

சொல்வதற்கு அவளுக்கு நேரம் இருந்தால்தானே. தாய் போனபிறகு தம்பியை வளர்த்தாள். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போனாள். மனிசன் நெஞ்சுவலியில் போனதும் இடியப்பம் அவித்து மாடிமாடியாகக் கொடுத்து, மகள் சாம்பவியைப் படிப்பித்துக் கனடாவுக்கு அனுப்பினாள். பஸ்ஸில் இடம் பிடிப்பதென்றால் அவளிடம் படிக்கவேண்டும். முதலில் பை ஏறும், பிறகு முழங்கை, கடைசியாகத்தான் ஆள்.

பாலசுந்தரம் கொட்டாஞ்சேனையிலேயே த்ரீவீல் ஓட்டினான். போன வருடம் ஒரு காலையில், ஸ்ராண்டில் நிற்கும்போது வலக்கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தான், கை வரவில்லை. பக்கத்து வண்டிக்காரன், சிங்கள ஆள், இரண்டு நாளுக்கு முன்புதான் ஹயர் ஓட்டம் ஒன்றுக்காக இவனோடு சண்டை பிடித்தவன், அள்ளிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். "அண்ணே, நித்திரை கொள்ளாதே" என்று சிங்களத்தில் வழிமுழுக்கக் கத்தினான். சுணங்கியிருந்தால் ஆளே இல்லை என்றார் டொக்டர். அந்த மனிசனை இன்றைக்கும் காணும்போது பாலசுந்தரம் முதலில் கையெடுத்துக் கும்பிடுவான், பிறகுதான் ஏசுவான்.

உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. வலக்கை மட்டும் செத்த மீன்போல மடியில் கிடந்தது. த்ரீவீலுக்கு அக்ஸிலேற்றர் வலக்கையில். கை வராவிட்டால் வண்டி இல்லை. மனைவி வத்தளையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். பகலில் இவனைப் பார்க்க, வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிடுவாள் கௌரி. கையில் இடியப்பப் பெட்டி.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஷபீகா, இளம் பிள்ளை. ரப்பர் பந்து ஒன்றைத் தந்து அமத்தச் சொன்னாள். பாலசுந்தரம் வீட்டுக்கு வந்து அதை யன்னலால் எறிந்தான். அடுத்தமுறை மிஸ் கேட்டாள்:

"பந்து புடிக்கல்லன்னா வேற என்ன, அங்கிள்? கையால என்ன செய்ய விருப்பம்?"

"ஒண்டுமில்லை."

"கப்பல் கட்டினவன், மிஸ்" என்றாள் கௌரி. "பேப்பர் கப்பல்."

"போர்க்கப்பல்" என்றான் பாலசுந்தரம், தன்னை அறியாமல்.

மிஸ் ஷபீகா சிரித்துவிட்டு, "அப்ப அதையே கட்டுங்க" என்றாள்.

கௌரி மினக்கெடவில்லை. வெள்ளவத்தையில் ஸவாஹிர் நாநாவின் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய், இன்டர்நெட்டில் கப்பல் தாள் எடுத்து, தடித்த மட்டையில் அடித்துத் தரச் சொன்னாள். "பேரப்புள்ளைக்கா, அக்கா?" என்று கேட்டாராம். "இல்லை, தம்பிக்கு. வயசு ஐம்பதாகப் போகுது." எந்தக் கப்பல் வேணும் என்றதற்கு, "பீரங்கி கூடினதாப் பார்த்துப் போடுங்கோ" என்றாளாம்.

மேசையில் தாள்களை விரித்ததும் பாலசுந்தரம் கிட்டக் குனிந்தான். அதே சாம்பல் நிறம். அதே இலக்கங்கள். பீரங்கியும் அதே ஒன்பது. வலக்கையை இடக்கையால் தூக்கித் தாளின்மேல் பாரமாக வைத்தான். வெட்டுவதற்கு அக்கா. ஒட்டுவதற்கு இடக்கை.

முதல் தாளிலேயே வில்லங்கம். அடிக்கட்டுத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, "எப்படி, வடிவா வெட்டியிருக்கிறனா?" என்றாள். வடிவாகத்தான் வெட்டியிருந்தாள். ஒன்றோடொன்று ஒட்டுவதற்கென்று ஓரத்தில் விட்டிருந்த சின்னக் காதுகளைக் கழிவு என்று நினைத்து, ஒன்று மிச்சமில்லாமல் நறுக்கித் தள்ளியிருந்தாள்.

"ஐயோ, காதெல்லாம் எங்கே?"

"எந்தக் காது? பிசிறு பிசிறா நிண்டுது, வெட்டிவிட்டனான்."

"எதிலை பிடிச்சு ஒட்டுறது? இரண்டாந்தரமும் என்ர கப்பலை வெட்டிப்போட்டீங்கள், என்ன!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. கௌரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சொல்லிப்போட்டியா? முப்பது வருசமா மூஞ்சியைத் தூக்கி வைச்சிருந்ததைச் சொல்லிப்போட்டியா? நல்லது. அப்ப இதையும் கேள். மேற்கட்டு, கூண்டு எல்லாம் கசக்கினால் வெறும் பேப்பர். வெங்காயத் தோலுக்குள்ளே போட்டன். அந்தக் கோதாரிப் பீரங்கியள் கசங்கேல்லை. அவ்வளவு இறுக்கிச் சுத்தியிருக்கிறாய். எரிப்பம் எண்டால் குக்கரிலை மண்ணெண்ணெய் இல்லை. படியிலை சத்தம். என்ன செய்யிறது? வாய்க்குள்ளே போட்டன்."

"எதை?"

"ஒன்பதையும்தான்."

பாலசுந்தரம் அவளையே பார்த்தான்.

"வந்தவன் கேக்கிறான், மே மொக்கத, இது என்ன எண்டு. கூடு எண்டு சொன்னது, வால் போதாது எண்டு அவன் சொன்னது எல்லாம் நான் பிறகு கட்டின கதை, அப்ப எனக்கு வாயே வரேல்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல்லுவலி எண்டு காட்டினன். பாவம், அவனும் ஒரு பெடியன்தான். கராம்பு கடிக்கச் சொல்லிப்போட்டுப் போனான். அவன் இறங்கிப் போகுமட்டும் சப்பினன். உன்ர பசை பிழையில்லை, உப்புத்தான் காணாது."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. றோட்டில் வரிசையில் நின்றபோது மேலே பார்த்தது ஞாபகம் வந்தது. யன்னலில் அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். பயத்தில் நிற்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே? நீ கூட்டுக்கெல்லோ கோவிச்சுக்கொண்டு திரிஞ்சனி."

கடுமையாக ஏதாவது சொல்லிப் பழகின வாய் அவனுக்கு. மேசையில் அவள் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை அவள் பக்கம் தள்ளிவிட்டான். தள்ளியபிறகு இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். தள்ளினது வலக்கை.

"ஆ!" என்றாள் கௌரி. அவ்வளவுதான். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கடுதாசித் துண்டுகளுக்குப் புதிதாகக் காது வெட்டி ஒட்டத் தொடங்கினாள்.

அதன்பிறகு கப்பல் வளர்ந்தது. அடிக்கட்டு, மேல்தட்டு, புகைக்கூண்டு, கொடிமரம். பெருவிரல் முதலில் வந்தது, பிறகு சுட்டுவிரல். ஒரு நாள் மிஸ் ஷபீகா தன் விரலைக் கொடுத்து இறுக்கச் சொல்லி, "போதும் அங்கிள், நோகுது" என்றாள். பாலசுந்தரம் கீழே போய், மூடிவைத்த த்ரீவீலில் ஏறி, ஓடாத வண்டியின் அக்ஸிலேற்றரைச் சும்மா முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தான். ஆனால் கத்தரிக்கோலை மட்டும் தொடமாட்டான். வெட்டும்போது கை நடுங்கினால்? நடுங்கினால் இனி இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். அதனால் அக்காவே வெட்டட்டும் என்று விட்டிருந்தான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

பீரங்கிகள் மட்டும் மிச்சம் இருந்தபோது கௌரிக்குக் கனடா விசா வந்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு; போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி நாள் இடியப்பப் பெட்டியோடு வந்தாள். பாலசுந்தரம் பீரங்கித் தாளையும் கத்தரிக்கோலையும் ஈர்க்கையும் அவளுக்கு முன்னால் தயாராக வைத்திருந்தான். அவள் தொடவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கையால் சாப்பிட்டான், சொதி முழங்கைக்கு ஓடியது, ஆனாலும் சாப்பிட்டான்.

அவளைக் கொண்டுபோக அந்தச் சிங்கள நண்பன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பாலசுந்தரம் படியிறங்கி வந்தான்.

"அக்கா" என்றான். "அந்தக் கப்பல்... நீங்கள் வெட்டினது நல்லதாய்ப் போச்சு."

"இதைச் சொல்ல முப்பது வருசம்" என்று சொல்லிக்கொண்டே பையை முதலில் ஏற்றி, பிறகு தானும் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஸ்ராட் எடுத்தது. அவள் தலையை வெளியே நீட்டி, கைப்பைக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். எப்போது மேசையிலிருந்து எடுத்தாளோ தெரியாது. அவன் இடக்கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. வலக்கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலை ஒரு வளையத்துக்குள்ளும் நடுவிரலை மற்றதுக்குள்ளும் தானே நுழைத்துவிட்டாள்.

"பீரங்கி ஒன்பதும் நீதான் வெட்ட வேணும். நடுங்கினால் நடுங்கட்டும், கோணினால் கோணட்டும். ஒட்டிப்போட்டு வீடியோ கோலிலை எனக்குக் காட்டு. பயப்படாதை, இந்தமுறை நான் தின்ன மாட்டன். ஆனால் சோத்துக்கையாலதான் வெட்ட வேணும், என்ன?"