மரம் வேண்டாத மணல்

ஜோசபின் மேடம் காலமான செய்தி போன வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழேயே இன்னொன்று: ‘அவர் நினைவாக வீராம்பட்டினம் மணல்மேட்டின் தெற்குப் பாதியில் மரக்கன்று நடுவோம்.’ எல்லோரும் சம்மதம் சொல்லியிருந்தார்கள். முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியவில்லை. அவரை அறிந்த உங்களுக்குக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவர் விலங்கியல், நான் வேதியியல். பதினெட்டு வருடம் ஒரே ஓய்வறையில் டீ குடித்தோம். அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த மணல்மேட்டு விசிறித்தொண்டை ஓணானில் வந்து நிற்கும். வாலை விட்டால் விரல் நீளம்தான். மணல் நிறம், முதுகில் வரிசையாகப் பழுப்புக் கட்டங்கள். சித்திரை வெயில் வந்தால்தான் ஆண் ஓணான் கல்மேல் ஏறி, தொண்டையிலிருந்து வெள்ளை விசிறியை விரிக்கும். அதில் ஒரு நீலக் கோடு. “அதோட அறிவியல் பேர்லயே நம்ம ஊர் இருக்கு சார். ஊருக்குத்தான் அதைத் தெரியல” என்பார்.

அந்த மணலைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்தவன் நான். மரம் நடும் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. வடக்குப் பாதியில் சவுக்கு நட ஏற்பாடு செய்தபோது அவர் தடுத்தார். “வெயில்தான் சார் அதுக்கு வீடு. நிழல் விழுந்தா போயிடும்.” மரம் வேண்டாம் என்கிற விலங்கியல் ஆசிரியரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

சவுக்கு நன்றாக வளர்ந்தது. நான்கே வருடத்தில் அங்கே ஓர் ஓணானும் இல்லை; மரமில்லாத தெற்குப் பாதியில்தான் கொஞ்சம் இருந்தன. என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். தெற்குப் பாதிக்குப் போனீர்களா என்று கேட்டார். நான் போகவே இல்லை. போனேன், ஒன்றைப் பார்த்தேன் என்றேன். விசிறியை விரித்ததா என்றார். சந்தோஷப்படட்டுமே என்று, நன்றாக விரித்தது என்றேன்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“மார்கழியிலயா சார்?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் நாங்கள் பேசவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கேள்விதான். தயவுசெய்து அங்கே ஒரு கன்றுகூட நடாதீர்கள். சித்திரையில் நான் போய் அந்த வெயிலில் உட்காரப்போகிறேன். ஓணானைப் பார்த்தால் அவர் கல்லறைக்குப் போய்ச் சொல்வேன். பார்க்காவிட்டால், அதையும் சொல்வேன்.