கத்தரித்த அட்டை

போன வியாழக்கிழமை வகுப்பில் ஒரு நாடகம் போட்டேன்.

சிதம்பரத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் பதினெட்டு வருடமாக ‘நோயாளி பாதுகாப்பு’ நடத்துகிறேன். பெயர் தெரியாத மருந்தைக் கொடுக்காதே, விழுங்காதே. மொத்தப் பாடமும் இவ்வளவுதான்! இதற்கு ஒரு செமஸ்டர்... சம்பளம் வேறு.

மேஜைதான் மெடிக்கல் ஷாப். நான் நோயாளி. பையிலிருந்த என் மாத்திரை அட்டையின் கத்தரித்த துண்டை நீட்டினேன். பெயர் இல்லை, தேதி இல்லை. ஒரே ஒரு மாத்திரை மிச்சம்.

“இதே மாதிரி பத்து குடுப்பா.”

கீரப்பாளையத்து பிரகாஷ் எழுந்தான். எப்போதும் முதல் மார்க். வணக்கம் சொன்னான், வயது கேட்டான், அலர்ஜி கேட்டான். “சாப்ட்டப்புறம் போடுங்கய்யா, தண்ணி ஜாஸ்தி குடிங்க” என்று சிரித்த முகமாகக் கொடுத்தே விட்டான். எல்லாம் கேட்டான் — என்ன மருந்து என்பதைத் தவிர! வகுப்பே கைதட்டியது. மரியாதையாகக் கொன்றால் நோயாளி கோபித்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது.

அடுத்து செல்வி. கடலூர் பக்கம் மீனவ கிராமத்துப் பெண். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல பேரே இல்ல சார். குடுக்க மாட்டேன்.”

“தெனம் போடற பிரஷர் மாத்திரைம்மா.”

“எப்பிடி சார் தெரியும்?”

“வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்குதுல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “நெசமாவே இதத்தான் சாப்புடுறீங்களா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். ஞாயிறன்று என் பிரஷர் மாத்திரை, மனைவியின் சுகர் மாத்திரை — இரண்டு அட்டையையும் கத்தரித்தது நான்தான். ஐந்து என் பைக்கு, ஐந்து அவள் டப்பாவுக்கு. இரண்டுமே வெள்ளை, சின்னது, வட்டம். நாலு நாளாக பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதெல்லாம் வியர்த்து, தலை சுற்றியது. நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியாருக்குத் தன்னைத் தவிர யார்மேல்தான் சந்தேகம் வராது?

வீட்டில், பெயர் உள்ள மீதித் துண்டுகளோடு என் துண்டை ஒட்டிப் பார்த்தேன். சுகர் அட்டையோடு கச்சிதமாகப் பொருந்தியது.

“நாலு நாளா உன் சுகர் மாத்திரையத்தான் முழுங்கியிருக்கேன்” என்றேன்.

மூன்றாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த மனைவி, சொம்பை இறக்கினாள்.

“அப்ப நான் எத முழுங்குனேன்?”