இருபத்தைந்து வோல்ட் போதும் என்றேன்

போன வாரம் சாணார்பட்டிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் தங்கவேலுவின் பதினாறாம் நாள் காரியம். சாப்பிட்டுக் கை கழுவிக் கிளம்பும்போது, அவன் மகள் செல்வி ஒரு மஞ்சள் பையை நீட்டினாள்.

"மாமா, இது ஒங்களுது. அப்பா பீரோவுல வச்சிருந்தாரு."

உள்ளே ஒரு அலுமினியப் பெட்டி. நான் செய்தது. மூடியில் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். ரிட்டயர் ஆன நாளிலிருந்து வீட்டில் ஒரு மேஜை முழுக்க சால்டரிங் அயர்ன், ஒயர், மீட்டர்... ஆனால் இந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் இதுவரை எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தங்கவேலு தென்னையும் தக்காளியும் வைத்திருந்தவன். அவன் தொண்டை ஊரில் பிரசித்தம். இரண்டு தோட்டம் தள்ளி ஓடும் மோட்டாரை நிறுத்தச் சொல்லி வரப்பில் நின்றே கத்துவான், மோட்டார் நிற்கும். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஆபரேஷன். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. அவன் வாயருகே காதைக் கொண்டுபோனால் காற்றுப் போல ஏதோ கேட்கும். அவ்வளவுதான்.

செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"மாப்ள, மேடையில ஏறி நான் நாலு வார்த்தை பேசணும்டா," என்றான் என் காதில். "எம்புள்ளைக்கு நாந்தான் சொல்லணும். வேற எவனும் எழுதி வாசிக்கக் கூடாது."

மைக் செட்டில் அந்தக் காற்று எடுபடுமா? ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்து, குரலைப் பல மடங்கு பெருக்கித்தான் மைக் செட்டுக்கே அனுப்ப வேண்டும். செய்தேன். ஆனால் குரலோடு சேர்ந்து கரண்ட்டின் இரைச்சலும் பெருகியது. ஹம் என்பார்கள். தங்கவேலுவை விட அதுதான் சத்தமாகப் பேசியது. துளி இரைச்சல் இல்லாமல், சீராகப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளை வேண்டும். நானே செய்கிறேன் என்று கிளம்பினேன்.

அந்த ஊர்க் கரண்ட் எப்படி? அப்போது கோடை. எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன் — நூற்று எழுபது! இருநூற்று முப்பது என்பதெல்லாம் அங்கே தேர்தல் வாக்குறுதி. வோல்டேஜ் இன்னும் இறங்கினால் இரைச்சல் திரும்ப வந்துவிடும். அதனால் பன்னிரண்டு குறையாமல் கிடைக்க, வழக்கமான பதினைந்துக்குப் பதில் பதினெட்டு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். அடுத்தது கெபாசிட்டர் — அலையடிக்கும் கரண்ட்டைத் தேக்கிச் சமன் செய்யும் உருளை. அது எத்தனை வோல்ட் தாங்க வேண்டும்? அந்த ஊர்க் கரண்ட்டில் அதன்மேல் ஏறுவது பதினேழு, பதினெட்டு. இருபத்தைந்து போதாதா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"அம்பது வோல்ட்டே போட்டுருங்க சார். கிராமத்து லைனு. எப்பயாச்சும் ஏறும்."

"அங்க ஏறவா செய்யுது? இறங்காம இருந்தாச் சரி," என்று சிரித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வோல்ட் உருளையையும் கையில் வாங்கிப் பார்த்தேன். குண்டு. என் பெட்டிக்குள் வைத்தால் மூடி மூடாது. அந்தப் பெட்டியை மூன்று நாள் அரம் போட்டு, பாலீஷ் போட்டு வைத்திருந்தேன். ஆக, பெட்டியின் அழகுக்காகக் கெபாசிட்டரைக் குறைத்தேன். இதற்குப் பேர் டிசைனா?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவன் வீட்டில் சோதனை. தங்கவேலு மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, மேடையில் பேசப்போவதை முழுசாகப் பேசினான். ஐந்து நிமிஷம் இருக்கும். நான் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் காதை வைத்திருந்தேன். கண், கெபாசிட்டரில் மாட்டிய மீட்டரில். முடித்துவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் முதுகில் தட்டி, "ஹம் சுத்தமா இல்ல மாப்ள!" என்றேன்.

கல்யாணத்தன்று மதியம் நல்ல மழை. வெகுநாள் கழித்துப் பெய்த மழை. சந்தோஷமாக எல்லாரும் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். இழுக்க ஆளில்லாத லைனில் வோல்டேஜ் என்ன செய்யும்? ஏறும். சாயங்கால வரவேற்பில் உள்ளூர் மண்டபத்து விளக்குகள் என்றைக்கும் இல்லாத பிரகாசம். "இன்னைக்குக் கரண்ட் நல்லாருக்குல்ல?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நானேதான் சொன்னேன்.

தங்கவேலு மைக்கைப் பிடித்தான். கூட்டம் அமைதியானது. "செல்வி..." என்றான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அடுத்த வார்த்தைக்கு முன் என் இருபத்தைந்து வோல்ட் வெடித்தது. மேடை முழுக்கப் புகை, நாற்றம். யாரோ "மெயின அமத்துங்கப்பா!" என்று கத்த, இருட்டில் குழந்தைகள் அலற, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழே இறக்கினார்கள். வெளிச்சம் வந்தபோது பாதிக் கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. தங்கவேலு மட்டும் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

மைக் செட்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு வோல்ட்டுதான சார்? ஏங்கிட்டச் சொல்லிருந்தா ஒரு பேட்டரிய வச்சு விட்டுருப்பேனே. பேட்டரியில ஏது ஹம்மு?"

எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பேட்டரி வைத்தால் என் கைவரிசையை எங்கே காட்டுவது?

தங்கவேலு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டே மாதத்தில் நோய் திரும்பி வந்தது. மிச்சமிருந்த காற்றும் போயிற்று.

மஞ்சள் பையோடு நின்ற என்னிடம் செல்வி கேட்டாள்.

"அப்பா அன்னைக்கு என்ன சொல்ல வந்தாரு மாமா? எழுதிக் காட்டுங்கன்னு எம்புட்டோ தடவ கேட்டேன். வேணாம்னு கைய ஆட்டிட்டாரு. ஒங்ககிட்ட முழுசாப் பேசிக் காமிச்சாராம்ல... அம்மா சொன்னுச்சு."

யோசித்து யோசித்துப் பார்த்தேன். மீட்டரில் பதினேழு புள்ளி ஆறு காட்டியது ஞாபகம் இருக்கிறது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா," என்றேன்.

"என்னது மாமா தெளிவா இருந்துச்சு?"

அந்த ஐந்து நிமிஷமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது ஹம்மை — இல்லாத ஹம்மை.